முன்னுரிமைக் குழுவும் ஆம்புலன்ஸ் போனும்

முன்னுரிமை என்னும் மாபெரும் தத்துவத்தை ஞானிகள் காடு மலையெல்லாம் தேடினார்கள். அது நெட்வொர்க் ஸ்விட்சுக்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்த பெருமை இந்த மருத்துவமனை நிர்வாகத்தையே சாரும்.

ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடும் ஸ்விட்ச் இல்லை. போன் பேச்சு, ஸ்கேன் படம், வீடியோ எல்லாம் நுழைந்து வெளியேறும் தட்டையான பெட்டி. நெரிசல் வந்தால் எது முதலில் போகலாம், எது ஒதுங்கி நிற்கலாம் என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைப்பவர் நெட்வொர்க் என்ஜினியர். வேலையில் கெட்டிக்காரர், மற்றபடி வாயில்லாப் பூச்சி. ஆம்புலன்ஸ் கேட்டு வரும் போனை முதல் வரிசையில் வைத்தால் தீர்ந்தது, ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை என்று நினைத்திருந்தார். பாவம், அப்பாவி! 'முன்னுரிமை நிர்ணய உயர்மட்டக் குழு' கூடியது.

"டைரக்டரோட காலை உரை எல்லா வார்டு டிவியிலயும் நேரலையா வருது. அது திக்கவே கூடாது," என்றார் மக்கள் தொடர்பு அதிகாரி.

"கவுண்டர் கம்ப்யூட்டர்ல வசூல் போகலைன்னா அந்த டிவிக்குக் கரண்ட் பில் யாரு கட்டுறது?" என்றார் கணக்கு அதிகாரி.

"வரவேற்பறை மீன்தொட்டிக் கேமராவை மறந்துடாதீங்க. டைரக்டர் வெளியூர் போனா மீனைப் பாக்காம சாப்பிட மாட்டாரு," என்றார் நிர்வாக அதிகாரி.

என்ஜினியர் மெல்லக் கையைத் தூக்கினார். "சார், ஆம்புலன்ஸ் போனைக் கடைசியில போட்டா பேச்சு துண்டு துண்டாத்தான் கேக்கும்."

"அதுல கூப்பிடறவங்க சார்பா யாராவது குழுவுல இருக்காங்களா?" என்றார் டைரக்டர்.

"அவங்க வெளியாளுங்க சார்..."

"அப்ப கோரிக்கையே வரலைன்னு அர்த்தம். வராத கோரிக்கையை நாம எப்படிப்பா ஏத்துக்கிறது?"

அடடா, என்ன ஜனநாயகம்! குழு மேசையைத் தட்டி மகிழ்ந்தது. என்ஜினியரின் பதவி உயர்வு டைரக்டரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? உரை முதலில், பிறகு வசூல், பிறகு மீன், எல்லாம் போய் வழி இருந்தால் ஆம்புலன்ஸ் என்று ஸ்விட்சுக்குச் சொல்லி முடித்தார்.

மறுநாள் காலை உரை பளிங்கு மாதிரி ஓடியது. "ஒவ்வொரு உயிரும் நமக்கு முக்கியம்!" என்று டைரக்டர் முழங்கியபோது அவருடைய மீசையை முடி முடியாக எண்ணலாம். அந்த நேரம் பார்த்து என்ஜினியரின் செல்போன் அடித்தது. அக்கா.

"டேய், மாமாவுக்கு நெஞ்சு வலிடா! வேர்த்துக் கொட்டுது. உங்க ஆம்புலன்சுக்குப் போட்டா அந்தப் பொண்ணு 'ஹலோ, ஹலோ'ன்னு கத்திட்டு வச்சிடறா. நான் பேசறது அவ காதுல விழவே இல்ல!"

 என்ஜினியர் ஓடிப்போய் ஆம்புலன்ஸ் டிரைவர் கையைப் பிடித்து இழுத்து, வழி சொல்லி, வண்டியில் ஏற்றி அனுப்பினார். மாமா பிழைத்துக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் டைரக்டர் உருகிப்போனார். "உங்க அக்கா வீடுன்னு முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?" குழு உடனே கூடி ஒருமனதாகத் தீர்மானித்தது: என்ஜினியருடைய அக்காவின் எண்ணிலிருந்து வரும் அழைப்பு மட்டும் இனி டைரக்டர் உரைக்கும் முன்னால் போகும். இப்படியொரு மனிதநேயத்தை வேறு எங்கே காண முடியும்! என்ஜினியர் அதையும் செய்து முடித்து, சந்தோஷம் தாங்காமல் வார்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னார்.

அக்கா மாமாவின் போர்வையை இழுத்துவிட்டாள். தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"காலையிலேருந்து இதே மாதிரி நாலஞ்சு போன் வந்துதாம். ஒண்ணுமே புரியலைன்னு வச்சிட்டாங்களாம். வண்டியில வர்றப்ப டிரைவர் சொன்னாரு," என்றாள். "நான் உன்னைக் கூப்பிட்டேன். அவங்கல்லாம் யாரைடா கூப்பிட்டிருப்பாங்க?"