பொம்மை காணாமல் போன ரோஸ்கா

வளையமாகச் சுட்ட ரோஸ்கா இனிப்பு ரொட்டியில் ஒரே ஒரு விரல் அகலம்தான் வெட்டி வாயில் போட்டார் நிக்கானோர். கடுக்கென்றது. எடுத்துப் பார்த்தார். குழந்தை இயேசு. கட்டைவிரல் நுனி அளவு பிளாஸ்டிக் பொம்மை.

மூன்று ராஜாக்கள் திருநாளில் எவர் துண்டில் பொம்மை வருகிறதோ, அவர் பிப்ரவரியில் எல்லாருக்கும் தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை அவித்துப் போட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. சர்க்கரை வியாதியில் போன வருஷம்தான் கால் சுண்டுவிரலை எடுத்திருந்தார்கள். காலையில் பூசைக்குக் கிளம்பும்போதுகூட மனைவி ஹசிந்தா சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"உங்களுக்காக நானும் ஆறு மாசமா இனிப்பத் தொடல. இனி ஒரு துணுக்கு உங்க வாயில போச்சுன்னு தெரிஞ்சுது, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் உங்க நாக்குமா குடும்பம் நடத்துங்க."

பொம்மையை மைத்துனன் ஃபெர்மின் உட்காரும் பக்கமாகப் பார்த்து ரொட்டிக்குள் திணித்தார். கஞ்சப்பயல், அவிக்கட்டும்.

இப்போது வளையம் கோணலாகத் தெரிந்தது. சரிக்கட்ட எதிர்ப்பக்கமும் கொஞ்சம் வெட்டினார். வெட்டியதை எங்கே ஒளிப்பது? வாய்தான் பக்கத்தில் இருந்தது. இப்போது வேறு பக்கம் கோணல். மறுபடி வெட்டு, மறுபடி வாய். கடைசியில் பல்குச்சி குத்தி முனைகளைச் சேர்த்தபோது, குடும்பத்துக்கே வாங்கிய ரோஸ்கா கையில் போடுகிற வளையல் மாதிரி இருந்தது.

பெட்டியை மூடிவிட்டு வெளியே ஓடினார். டாக்டர் சொன்ன நடையை அன்றைக்குத்தான் ஒழுங்காக நடந்தார்.

சாயங்காலம் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹசிந்தா பெட்டியைத் திறந்தாள். நிக்கானோர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அடேயப்பா, எவ்ளோ பெருசு!" என்றான் ஃபெர்மின்.

பார்த்தார். முழு வளையம். ஒரு பல்குச்சிகூட இல்லை. ராஜாக்கள் மூவரும் ஒட்டகத்தை விட்டு இறங்கி வந்து ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

நிக்கானோரைத் தவிர்த்து ஆளுக்கொரு துண்டு வெட்டினார்கள். ஃபெர்மின் துண்டில் பொம்மை இல்லை. யார் துண்டிலும் இல்லை.

"எவனோ முழுங்கிட்டான்! எல்லாரும் வாயத் தொறங்க. மச்சான், நீங்க ஏன் முழிக்கிறீங்க?"

"எனக்குத்தான் துண்டே குடுக்கலையேடா! நான் வச்ச..."

"வச்ச?"

"வச்ச கண்ணு வாங்காமப் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"அப்ப பேக்கரிக்காரிதான் ஏமாத்திட்டா." ஃபெர்மின் ஜன்னலில் தலையை நீட்டினான். "சோய்லா! இங்க வா!"

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குடா சண்ட? விட்டுத் தொலடா," என்று ஹசிந்தா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

எதிர்க்கடை சோய்லா மாவுக் கையோடு வந்து நின்றாள். ஃபெர்மின் பிடித்த பிடியில், அவள் கடை பேரையே நாறடித்துவிடுவான் போலிருந்தது. நிக்கானோருக்கு மனசு கேட்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போனாலும் போகட்டும் என்று எழுந்தார்.

"அவ மேல தப்பில்ல. காலையில நான்தான்..."

சோய்லா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹசிந்தாவைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஏக்கா, மத்தியானம் ரெண்டாவது ரோஸ்கா வாங்க வந்தப்பவே பொம்ம தீந்துபோச்சுன்னு சொன்னேன்ல? மொத ரோஸ்காவ என் கடைக்குப் பின்னால நின்னு பல்குச்சியோட முழுங்குனீங்களே, பொம்ம அதுலதானே இருந்துச்சு?"