ஜெல்லுல பந்தி பரிமாறுன கதை

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. ஜெல்லுங்குற ஜெல்லித் தகட்டுல சாம்பிள் ஊத்தணும்.

தேனிப் பக்கம் ஒரு காலேஜ் லேப்ல நான் ஆராய்ச்சி மாணவன். செல்லுக்குள்ள புது ஜீனை விட்டா, நாம கேக்குற புரோட்டீனை அது செஞ்சு குடுக்கணும். செஞ்சிருக்கான்னு ஆன்டிபாடியை விட்டுத் தேடுவோம். இருந்தா அந்த எடத்துல கருப்பா ஒரு கோடு விழும்.

ஜீன் விடாத செல்லையும் பக்கத்துலயே ஊத்தி, கரண்ட் விட்டு ஓட்டணும். அதுல கோடு விழவே கூடாது. விழுந்துச்சு, மொத்த வேலையும் குப்பை.

மறுநாள் ப்ராஜெக்ட்டப் பாக்கக் கமிட்டி வர்றாக. இந்தக் கோடு விழுற படம் சரியா இருந்தாத்தான் ப்ராஜெக்ட் நீடிக்கும். இல்லைன்னா நான் எங்க ஊரு கம்பத்துக்கு மூட்டையக் கட்ட வேண்டியதுதான்.

ஜெல்லுல வரிசையா குட்டிக் குட்டிக் குழி; ரெண்டு சாம்பிளையும் மாத்தி மாத்தி ஊத்தணும். முதல் குழியில ஊத்துறேன், அப்பா போன். அவரு கம்பத்துல கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். ஸ்பீக்கர்ல போட்டேன்.

"ஏலே, ராயப்பன்பட்டிக் கல்யாணத்துல பரிமாற ஆளு பத்தலடா. ஞாயித்துக்கிழமை வந்துரு."

"வாரேம்ப்பா. போன தடவை மாதிரி கடைசி இலைக்குச் சாம்பார் இல்லாமப் போயிரக் கூடாது."

"அதுக்குத்தான உன்னயக் கூப்புடுறேன். நீ ஒரு இலையக்கூட விடமாட்டேல்ல."

எனக்கு ஒரே பெருமை. பேசி முடிச்சுப் பாத்தா எல்லாக் குழியும் நெறஞ்சிருக்கு. அட, வேலையும் முடிஞ்சுபோச்சே!

சாயங்காலம் படம் எடுத்தோம். எல்லாக் குழிக்கு நேராவும் கோடு! ஒண்ணு தடிமன், ஒண்ணு ஒல்லின்னுகூட இல்ல, எல்லாம் ஒரே அளவு.

எங்க சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாத்தாரு.

"ஜீனே விடாத செல்லுல புரோட்டீன் எங்கிட்டிருந்துடா வந்துச்சு?"

அப்புறம் மெல்ல மூஞ்சி மலந்துச்சு.

"தம்பி, இது புதுக் கண்டுபிடிப்பாக்கூட இருக்கலாம்."

விட்டிருந்தா அங்கனயே உக்காந்து பேப்பர் எழுதியிருப்பாரு. நான் ஓடிப்போயி சாம்பிள் வச்சிருந்த ஐஸ் பெட்டியப் பாத்தேன். ஜீன் விட்ட சாம்பிள் டியூப் சுத்தமாக் காலி. ஜீன் விடாதது மூடியே தொறக்காம நிக்குது.

"சார், பேச்சு சுவாரசியத்துல ஒரே வாளியிலருந்து எல்லா இலைக்கும் பரிமாறிட்டேன்."

சார் அந்தப் படத்தக் கிழிச்சுக் குப்பையில போட்டாரு.

"இனி ஓட்ட நேரமில்ல. போன தடவ எடுத்த பழைய படத்த வச்சு நான் சமாளிக்கிறேன். நாளைக்கு நீ அங்கன வந்து வாயத் தொறக்காத. உங்கப்பாகிட்டச் சொல்லி மத்தியானச் சாப்பாட்ட மட்டும் பாத்துக்க."

கமிட்டி வந்தாக, சாப்புட்டாக, ப்ராஜெக்ட்ட நீட்டிச்சிட்டுப் போனாக.

கேட்டது ஒரே கேள்வி: "ரசம் யாரு வச்சது?"