அப்பாவின் சக்கர நாற்காலிக்கு நான் போட்ட பாதை

மேடையில் கைதட்டல் வாங்கிப் பழகியவனிடம் வீட்டு வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. அவனுக்கு வேலை தெரியாது என்பது சிறிய குறை. தெரியாததையும் சரியென்று நிறுவிவிடுவான் என்பதே பெரிய ஆபத்து. இதைச் சொல்லும் முழுத் தகுதி எனக்குண்டு. கல்லூரி விவாத அணிக்குத் தலைவனாக இருந்த காலத்தில் நான் ஒரு பாதை போட்டேன்.

எங்கள் வீடு அலோர் காஜாவுக்குச் சற்று வெளியே. கேட்டிலிருந்து வாசல் வரை வெறும் மண். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சர்க்கரை நோயால் அப்பாவின் வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர் அவர். மருத்துவமனையில் சக்கர நாற்காலியைக் கண்டதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“என்னைக் கேட்ல எறக்கி விட்டுருங்க. வாசல் வரைக்கும் நானே ஓட்டிட்டு வர்றேன். யாரும் தூக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

ஆகவே அவர் வருவதற்குள் கல் பதித்த பாதை வேண்டும். குருபோங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் அக்கா, முறையை விசாரித்து வந்திருந்தாள். மேலுள்ள கறுப்பு மண்ணைப் புல்லோடு வெட்டி எடுக்க வேண்டும். கல்தூளும் சல்லியும் கலந்த கிரஷர் ரன் கொட்டி, நீர் தெளித்து, அடுக்கடுக்காக இயந்திரத்தால் இறுக்க வேண்டும். மணலும் கல்லும் அதற்குப் பிறகுதான்.

“மண்ணு லெம்பெக்கா இருக்குடா, கால வெச்சாலே உள்ள போவுது. கம்பெக்டர் சனிக்கெழமதான் கெடைக்குமாம். அப்பா ரெண்டு நாள் லேட்டா வரட்டுமே.”

“முதலில் கம்பெக்டரைத் தமிழில் சொல்” என்று நான் எழுந்தேன். (தமிழில் அதற்குச் சொல் ஏதும் எனக்குத் தெரியாது. அங்கேயே ஒன்றைப் படைத்தேன்: நிலமிறுக்கி. இயந்திரத்துக்குப் பெயர் சூட்டிய நான், அதை வாடகைக்கு எடுக்கத்தான் மறுத்தேன்.) வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவை நடுவராக்கினேன்.

“நடுவர் அவர்களே! சக்கரம் தொடப்போவது கல்லையா, மண்ணையா? கண்ணுக்கே தெரியாத அடிமண்ணுக்கு ஏன் இத்தனை மரியாதை? வீடு திரும்ப ஏங்கும் தந்தையை ஓர் இயந்திரத்துக்காகக் காக்க வைப்பது பிள்ளைகளுக்கு அழகா?”

அம்மாவின் கண்கள் நிறைந்தன. (வெங்காயத்தின் பங்கை நான் கழித்துப் பார்க்கவில்லை.)

“தம்பி சொல்றதும் சரியாத்தான் இருக்கு. அவரு சீக்கிரம் வரட்டும்லா.”

“இவன் பேசியே மண்ண கெட்டியாக்கிருவான்” என்று அக்கா உள்ளே போய்விட்டாள்.

புல்லைச் செதுக்கினேன், மணலைப் பரப்பினேன், கற்களை அடுக்கினேன். நிலமிறுக்கியின் பணியை என் இரு கால்களே ஏற்றன. (அப்போதைய என் உடலுக்குக் கோழிகூட நகர்ந்து வழிவிடாது.) பாதை பார்க்க அழகாகவே இருந்தது. படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். அங்கும் கைதட்டல்.

அப்பா வருவதற்கு முதல் நாள் மாலை மழை கொட்டியது.

கேட்டில் அவரை இறக்கினோம். அக்கம்பக்கத்தார் வந்து நின்றார்கள். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு, பணிக்குக் கிளம்புபவரைப் போல நிமிர்ந்து, சக்கரங்களைத் தள்ளினார். பாதி தூரம் வந்திருப்பார். முன்சக்கரத்தின் கீழ் ஒரு கல் சாய்ந்தது. பக்கத்துக் கல்லும் அமுங்கியது. இடுக்கில் சேறு பிதுங்கியது. தள்ளத் தள்ள நாற்காலி இன்னும் ஆழமாக இறங்கியது.

நான் ஓடிப்போய்ப் பிடித்தேனா? இல்லை, விளக்கம் அளித்தேன். “இதை அடித்தளத்தின் குறையாகக் கருதலாகாது. எதிர்பாராத மழையின் காரணமாக...”

“வாய மூடிட்டு வந்து சக்கரத்தப் புடிடா!” என்று அம்மா கத்தினார்.

அப்பா கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். “விடு, பேசட்டும். இன்னும் கொஞ்சம் பேசுனான்னா சக்கரம் பூமிக்கு அந்தப் பக்கமா வெளிய வந்துரும்லா.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என்ன சொன்னார் என்று புரியாமலேயே சிரித்த பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் இருவர், அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் உட்கார வைத்தார்கள்.

பிறகு அக்கா சொன்னபடியே எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு மறுபடி போட்டோம். நிலமிறுக்கி என் பற்களையெல்லாம் ஆட்டிவைத்தது. வேலை முடிந்தபோது அப்பா மீண்டும் மருத்துவமனையில் இருந்தார், புண் மேலேறியிருந்தது. அந்தப் பாதை வழியாகத்தான் வீட்டுக்கு வந்தார், நாற்காலியில் அல்ல, நான்கு பேர் தோளில். அத்தனை பேர் நடந்தும் ஒரு கல்கூட அசையவில்லை.

இப்போதெல்லாம் எந்த விசேஷத்திலும் நான் தொண்டையைக் கனைத்தால் போதும். “ஆரம்பிச்சிட்டான்! பூமிக்கு அந்தப் பக்கம் யாராச்சும் போயி நில்லுங்க!” என்பாள் அக்கா. அம்மா கண்ணீர் வரச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். கதை எப்போதும் அங்கேயே முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிய கணத்தில் அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டதும், அவர் கைகள் காற்றில் சக்கரங்களைத் தேடியதும் அதில் வராது. அப்போது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலி நாற்காலியைப் பிடித்தபடி எதிரே நின்றவன் நான் மட்டுமே. அதைப் பற்றி எனக்குப் பேச வரவில்லை.