நாலு பின்னு, நாலு ஒயரு

"கேபிள் செத்துப்போச்சு" என்று சம்பத் தீர்ப்பு சொன்னபோது, தின்ற இட்லிகூட யாருக்கும் சரியாகச் செரித்திருக்கவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஹரிதா திரையைப் பார்த்தாள். எதிர்முனையில் ஒரு கருவியும் இல்லை என்று அது இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருந்தது.

"பண்டிகைக்கு முன்னாடி நல்லாத்தானே அண்ணா இருந்தது?"

"நல்லா இருக்கிறவங்கதாம்மா சாவாங்க. செத்தவங்க எங்கயாவது சாவாங்களா?"

ஹரிதா திரும்பவும் கீபோர்டைத் தட்டிப் பார்த்தாள். சம்பத்தோடு வாதாடக் கூடாது என்பது அங்கே வேலை பார்ப்பவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், மாடி மேல் இருந்தது ஜெயச்சந்திரனின் நிலம் அளக்கும் ஆபீஸ். வீட்டுக்கு ஒருத்தன் பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. போனவர்கள் அனுப்பிய பணம் மனைகளாக முளைத்தது. மனைகளை அளக்க ஆள் தேவைப்பட்டது. ஜெயச்சந்திரன் தன் மச்சானிடம் சொல்லி அமெரிக்காவிலிருந்து ஒரு ஜி.பி.எஸ். கருவியை வரவழைத்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. அதைப் பிடித்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்து, மூலைக்கு மூலை பட்டனை அழுத்தினால் போதும். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். ஆபீசுக்கு வந்து கேபிளை மாட்டினால், குறித்ததெல்லாம் கம்ப்யூட்டரில் இறங்கி வரைபடமாக விழும். கருவியின் முதுகில் ஒரு ரப்பர் மூடி. மூடிக்குள் ஒரு வட்டக் குழி. குழிக்குள் நாலு பின். கரண்ட் ஏறுவதும் கணக்கு இறங்குவதும் அதன் வழியாகத்தான்.

ஆயுத பூஜை முடிந்து ஆபீஸ் அன்றுதான் திறந்திருந்தது. சர்வே முக்காலியில் வாடிய சாமந்தி தொங்கியது. கம்ப்யூட்டரின் நெற்றியில் குங்குமம். அளக்கும் டேப்புக்கும் விபூதிப் பட்டை. ஜி.பி.எஸ். கருவியின் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. போன வருஷம் ஆபீசைப் பெருக்கும் சுந்தரம்மா அதன் கண்ணாடி மேல் சந்தனத்தை அப்பிவிட்டாள் என்று சம்பத் போட்ட சத்தத்தில், கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மாடியேறி வந்துவிட்டார். "ஒரு தடவை கரெக்டா சொன்னா ஜனங்க கத்துக்குவாங்க" என்று காலையில்தான் அவன் ஹரிதாவிடம் பெருமையடித்திருந்தான்.

"மெட்ராஸுக்குப் போன் போட்டு வேற கேபிள் கேளுங்களேன்" என்றாள் ஹரிதா.

"மெட்ராஸ்காரன் சிங்கப்பூர்லருந்து வரணும்பான். சிங்கப்பூர்காரன் அமெரிக்காவைக் காட்டுவான். மத்தியானம் நாகேந்திரன் சார் வந்து எதிர்ல உக்காந்தா நான் யாரைக் காட்டுறது?"

நாகேந்திரன் துபாய் கம்பெனி ஒன்றுக்கு ஆள் பொறுக்குகிறவர். மத்தியான ரயிலில் சென்னையிலிருந்து வருகிறார். கங்காதர நெல்லூரில் சம்பத் நடந்து அளந்த மாந்தோப்பைக் கருவியிலிருந்து அவர் கண் முன்னால் இறக்கி, வரைபடமாக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் விசா. காட்டாவிட்டால் சொந்த ஊரான நாகலாபுரத்துக்கு எப்படித் திரும்பிப் போவது என்று சம்பத் யோசிக்கக்கூடத் தயாராக இல்லை. மாமனார் ஏற்கெனவே சூட்கேஸ் வாங்கிவிட்டார். இரண்டு சித்தப்பா வீட்டில் வழியனுப்பு விருந்தும் தின்றாகிவிட்டது.

"நம்பரைப் பாத்துப் பாத்து நானே டைப் அடிச்சிடட்டுமா?"

"அப்புறம் துபாய்க்கு நீதான் போவணும்." சம்பத் டிராயரைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தான். "இதுல இன்னா பிரம்ம வித்தை கீது? நாலு பின்னு, நாலு ஒயரு. கரண்டுக்கு ரெண்டு, போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. நானே செஞ்சிடறேன்."

"ஐயோ அண்ணா, கம்பெனி கேபிளை..."

கச்சக். கம்பெனி கேபிள் இரண்டு இடத்தில் அறுந்தது. ஒரு முனையில் கருவிக்கான வட்ட பிளக். அது திருப்பதியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. மறுமுனையில் கம்ப்யூட்டருக்கான ஒன்பது ஓட்டை பிளக். இரண்டையும் பத்திரப்படுத்திவிட்டு நடு ஒயரை மூலையில் எறிந்தான்.

"நோவு அந்த ஒயருக்குள்ளதான் கீது. அதை எடுத்துட்டா மீதி தங்கம்."

டெலிபோன் இழுத்தபோது மிஞ்சிய ஒயரை அளந்து வெட்டினான். சால்டரிங் கோலைச் சூடாக்கினான். வட்ட பிளக்கில் நாலு கம்பியையும் அழகாகப் பற்றவைத்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஜோரில் ஒன்பது ஓட்டை பிளக்கில் கோலைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்துவிட்டான். பிளாஸ்டிக் இளகி, ஓட்டைகள் ஒன்றோடொன்று சம்பந்தி ஆகிவிட்டன.

"அதே மாதிரி பிளக் இந்த ஆபீஸ்ல இன்னொண்ணு கீது" என்று சம்பத் கலங்காமல் சொன்னான். அவன் பார்வை போன இடத்தைப் பார்த்து ஹரிதா பதறினாள்.

"மவுஸ் வேணாம்ணா! மவுஸ் இல்லாம நான் எப்படி..."

கச்சக்.

"எப்பிடியும் ரெண்டும் ஒரே போர்ட்லதான் மாட்டணும். கேபிள் மாட்டினா மவுசுக்கு இடம் ஏது? இல்லாத இடத்துல இருக்கிறதுக்கு அது இல்லாமலே இருக்கலாம். நீ கீபோர்டுலயே தட்டு."

புதுக் கேபிள் பிறந்தது. சம்பத் ரப்பர் மூடியைத் தூக்கிக் குழிக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது.

"பாத்தியா, பாத்தியா! தங்க முலாம் பூசி வெச்சிருக்கான். அமெரிக்காக்காரன் அமெரிக்காக்காரன்தான்!"

பிளக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் நுழைந்தது. தரமான பொருள் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று சம்பத் விளக்கினான். ஹரிதா தட்டினாள். எதிர்முனையில் கருவி இல்லை என்றது திரை.

"போறதையும் வர்றதையும் மாத்திக் குடுத்துட்டேன். அவ்ளோதான்." கம்பியை மாற்றினான். இல்லை என்றது. திரும்பவும் மாற்றினான். இல்லை. கரண்டு கம்பியையும் சேர்த்து மாற்றினான். இல்லவே இல்லை. சோதித்துச் சோதித்துக் கருவிக்குள் இருந்த பென்சில் பேட்டரி நாலும் தீர்ந்து, அதன் முகமும் இருண்டுபோனது. அதுவரைக்கும் கேபிளுக்கு மட்டும்தான் உயிர் இல்லாமல் இருந்தது.

"கடைக்குப் போய் பேட்டரி வாங்கியாறேன்" என்று ஹரிதா எழுந்தாள்.

"உக்காரு. கேபிள்லயே கரண்டு ஏத்திக் காட்டினா நாகேந்திரன் சார் அசந்துடுவார்." சம்பத் ஸ்பானரோடு கீழே இறங்கினான். கொஞ்ச நேரத்தில் ஜெயச்சந்திரனின் ஸ்கூட்டர் பேட்டரியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு மேலே வந்தான்.

அதே நேரம் ஜெயச்சந்திரன் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். சம்பத் பேட்டரியை மேஜைக்கடியில் தள்ளி, காலால் மறைத்தான்.

"ஸ்டேஷனுக்குப் போய் அவரை இட்டுக்கினு வர்றேன். எல்லாம் ரெடியாப்பா?"

"சூப்பரா ரெடி சார்."

கீழே ஸ்கூட்டர் உதைபட்டுக் கிளம்பியது. ஜன்னல் வழியாகப் பார்த்த ஹரிதா மெல்லச் சொன்னாள்: "அண்ணா, ஹாரன் அடிக்கிறாரு. சத்தமே வர்ல."

சம்பத் கேட்காத மாதிரி பேட்டரியில் கம்பியைச் சுற்றினான். கருவி எழவில்லை. கம்பியை இறுக்கினான். எழவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினான். எழவில்லை.

துடைப்பத்தோடு வந்த சுந்தரம்மா வாசலில் நின்றாள். "நைனா, அந்த மெசினு..."

"ஆயா கதையெல்லாம் அப்புறம் பேசலாம். கீழ கம்பித் துண்டு கீது, கால்ல குத்திக்காதே. போ!"

அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

சம்பத்தும் உட்கார்ந்தான். கையிலிருந்த பிளக்கை மேஜை மேல் வைத்தான். அவனுடைய அப்பா ரங்கையா, சர்வேயர்களுக்கு அளவுச் சங்கிலி இழுத்தவர். ஊரில் எல்லார் நிலத்தின் எல்லையும் அவர் காலுக்குத் தெரியும். ஆனால் கால் வைக்க அவருக்கென்று ஒரு காணி கிடையாது. துபாயில் நாலு வருஷம் வேலை செய்தால் நாகலாபுரத்தில் கொஞ்சம் நிலம் வாங்கி, அதை அவர் கையாலேயே அளக்கவைக்கலாம் என்று சம்பத் வெகுநாளாக நினைத்திருந்தான். யாரிடமும் சொன்னதில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குப் பயம் வந்தது, பயத்தோடு கண்ணீரும் வரப் பார்த்தது. ஹரிதா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஜரகண்டி..." என்று கம்மிய குரலில் ஏதோ முனகியபடி ஜெயச்சந்திரன் உள்ளே வந்தார். மொட்டையடித்த பக்தர்கள் கூட்டம் கூட்டமாகக் குறுக்கே வரும் ஊரில் ஹாரன் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கோயில் வரிசையில் தள்ளிவிடுகிறவர்கள் 'நகருங்க' என்று தெலுங்கில் கத்துவதையே ஸ்டேஷனிலிருந்து கத்திக்கொண்டு வந்ததில் தொண்டை கட்டியிருந்தது. பின்னால் வந்த நாகேந்திரனுக்கும் அதே கதி. பாதி வழிக்கு மேல் அவரும் சேர்ந்து கத்தியிருக்கிறார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் நாகேந்திரன். குரல் என்று சொல்ல முடியாது, காற்றுதான் வந்தது.

"தாராளமா சார்" என்றான் சம்பத். பயத்தை வாய்க்குத் தெரியவிடாத மனுஷன் அவன்.

கம்பிகளை முதலில் இருந்த மாதிரியே மாற்றிப் பற்றவைத்தான். வேறு வழி எதுவும் மிச்சமில்லை. பிளக்கைக் குழியில் வைத்து அழுத்தினான். இடப்பக்கம் ஆட்டினான். வலப்பக்கம் ஆட்டினான். பிடுங்கி, மறுபடி குத்தினான். குத்தித் திருகினான். குழியிலிருந்து பொடிப்பொடியாக மஞ்சள் உதிர்ந்து மேஜை மேல் விழுந்தது.

"என்னப்பா கொட்டுது?" என்றார் ஜெயச்சந்திரன்.

"மேல் பூச்சு சார். புதுசுல கொஞ்சம் உதிரும்." பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியாக ஒரு அழுத்து அழுத்தினான்.

பீப்.

கருவியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஹரிதா அலறாத குறையாகக் கீபோர்டைத் தட்டினாள். இல்லை இல்லை என்று சாதித்த திரை, இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. புள்ளி ஒன்று விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. மாந்தோப்பின் கிழக்கு வரப்பு, கிணறு, பம்ப் செட் அறை, மேற்கே ஓடை வளைந்துபோகும் இடம் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. சம்பத் மூச்சை விட்டான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு.

"இந்தக் கேபிள் எங்கே வாங்கினது?" என்று கேட்டார் நாகேந்திரன்.

"வாங்கல சார். நான் செஞ்சது. கம்பெனி கேபிள் தரம் சரியில்ல. காலையில உயிரை விட்டுடுச்சு."

"நீங்களே செஞ்சதா? இன்னிக்கே?"

"நாலு பின்னு, நாலு ஒயரு சார். கரண்டும் அதுலயே வருது பாருங்க."

நாகேந்திரன் மேஜைக்கடியில் இருந்த பேட்டரியைப் பார்த்தார். ஜெயச்சந்திரனும் பார்த்தார். பார்த்ததும் தொண்டையைத் தடவிக்கொண்டார். ஆனால் விருந்தாளி முகத்தில் மலர்ச்சி வந்திருந்ததால் தானும் சிரித்துவைத்தார்.

"இதத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார் நாகேந்திரன், இருக்கிற குரலையெல்லாம் திரட்டி. "பாலைவனத்துல கேபிள் போச்சுன்னா கடையா இருக்கு? மத்தவன் போனைத் தூக்குவான். நீங்க கத்தரிக்கோலைத் தூக்கியிருக்கீங்க. அடுத்த மாசம் கிளம்பத் தயாரா இருங்க. எங்க கேம்ப்ல இருக்கிற அத்தனை ஜி.பி.எஸ்.ஸுக்கும் கேபிள் பொறுப்பு உங்களுதுதான்."

சம்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே சமாளித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். முதல் அமைப்பே சரிதான், ஈயம் ஆறிக் கம்பியோடு ஒட்டுவதற்குத்தான் நேரம் பிடித்தது, அந்தப் பொறுமை எல்லாருக்கும் வராது என்று அவன் சொல்லச் சொல்ல, நாகேந்திரன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஹரிதாகூட மவுசை மறந்து நம்பத் தொடங்கியிருந்தாள்.

மூலையிலிருந்து எழுந்து வந்தாள் சுந்தரம்மா. அறுந்து கிடந்த கம்பெனி ஒயரைத் துடைப்பத்தால் ஒதுக்கிக்கொண்டே வந்தவள், மேஜை மேல் சிந்தியிருந்த மஞ்சள் பொடியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தாள். அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"போன வருசம் மூஞ்சில வெச்ச பொட்டை நீ தொடச்சிட்டியேன்னுதானே நைனா, இந்த வருசம் யாரு கண்ணுக்கும் தெரியாம முதுகு மூடியத் தொறந்து, உள்ள நின்னுகினு இருந்த நாலு குட்டிச் சாமிக்கும் சந்தனத்தைக் கெட்டியா அப்பி வெச்சேன்; அதையும் சொரண்டிக் கொட்டிட்டியே!"