படிக்கத் தேவையில்லை

கிளீவ்லண்ட்
வியாழன் மாலை

ஹைஃபாவில் கணவர் ஊரியோடும் பேரன் பேத்திகளோடும் வாழும் அன்புத் தங்கை ஷூலாவுக்கு அண்ணன் லெனர்ட் தபாச்னிக் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி எஸ்டெல், என் இடது முழங்கால் மூவரும் ஒருமாதிரி இருக்கிறோம். அங்கே நீங்கள் எல்லோரும் நூற்றிருபது வயது வரை ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த நாலு வரியை இன்னும் அழகாக எழுதியிருப்பார். எனக்கு இதற்கு மேல் மரியாதை வார்த்தை வரவில்லை, ஏனென்றால் போன வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

நீ என் மேல் கோபமாக இருக்கிறாய். கோபப்பட உனக்கு எல்லா உரிமையும் உண்டு. மன்னிப்புக் கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. நாம் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம், உங்கள் தேர்தலுக்கு ஒருமுறை, எங்கள் தேர்தலுக்கு ஒருமுறை, அம்மாவின் வெள்ளி விளக்கு யாருக்கு என்று ஒருமுறை, ஆனால் நீ பேசாமல் இருந்ததே இல்லை. இத்தனை வருஷம் கழித்து இந்தப் பஸ்காப் பண்டிகைக்குத்தான் வருகிறேன் என்று சொல்லியிருந்தாய். எஸ்டெல் மாடி அறைக்குப் புதுத் திரைச்சீலை கூடத் தைத்துவிட்டாள். நீ வருவாயா மாட்டாயா, அதை மட்டும் சொல். மற்றதையெல்லாம் நான் கீழே ஒப்புக்கொள்கிறேன்.

என் வெள்ளிக்கிழமைப் பட்டியல் உனக்குத் தெரியும், வாராவாரம் மின்னஞ்சலில் உனக்கும் அனுப்புகிறேனே. கண்ணாடிக் கடையை விற்ற பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஆரம்பித்தது. ஊரார் படிப்பதற்குக் காலமெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுத்தவன், இப்போது எதைப் படிப்பது என்றும் சொல்லிக் கொடுக்கிறேன். வாஷிங்டனில் யார் யாரைக் கவிழ்க்கிறார்கள், ஜெருசலேமில் யார் யாரோடு கூட்டணி, புரூக்ளினில் எந்த எழுத்தாளர் இந்த மாதம் தன் அம்மாவைத் திட்டி நாவல் போட்டிருக்கிறார், பேகல் ரொட்டி ஏன் இப்போதெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். வெள்ளி பொழுது சாய்ந்து ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் எங்கள் ஆட்கள் கணினித் திரையைத் தொட மாட்டார்கள் அல்லவா, அதனால் ஜெப ஆலய அலுவலகத்தில் வெள்ளி மதியமே கட்டுரைகளோடு சேர்த்து அச்சடித்து, சனிக்கிழமைக்காக ஊறவைத்த ஹெர்ரிங் மீன் வைக்கும் மேஜையில் அடுக்கி வைத்துவிடுவார்கள். நான் எப்போதும் இரண்டு பட்டியல் எழுதுவேன். ஒன்று சபைக்கு, மரியாதையாக. இன்னொன்று எனக்கே எனக்கு, மனதில் உள்ளபடி. இப்போது குளிர்காலம், பொழுது சட்டென்று சாய்ந்துவிடுகிறது. அலுவலகத்தில் அச்சடிப்பவர் கோட்டை மாட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார், எஸ்டெல் சமையலறையிலிருந்து "லென்னி, மெழுகுவத்தி ஏத்தப் போறேன், அந்தப் பொட்டிய மூடித் தொலை" என்று கத்துகிறாள், நான் எதையோ இணைத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு மூடினேன்.

குளிக்கும்போதுதான் உறைத்தது, அனுப்பியது எந்தப் பட்டியல்? துண்டோடு ஓடி வந்தேன். எஸ்டெல் கண்ணை மூடி ஆசி சொல்லிக்கொண்டிருந்தாள், மெழுகுவத்தி எரிகிறது, ஓய்வுநாள் தொடங்கிவிட்டது. முடிந்தது கதை. கணினி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தொடக் கூடாது. போனைத் தொடக் கூடாது. எழுதக் கூடாது, காரை எடுக்கக் கூடாது. கவலைப்பட்டுக்கொண்டு உட்காரலாம், அதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. ராத்திரி முழுக்க அதைத்தான் செய்தேன்.

மறுநாள் காலை ஜெப ஆலயத்துக்குள் நுழைந்ததுமே தெரிந்துபோயிற்று. எங்கள் சபைக் குரு ரபி எழுதிய கட்டுரைக்குப் பக்கத்தில் "படித்தேன், நல்ல தூக்கம் வந்தது" என்று போட்டிருந்தேன். அவர் பெரிய மனசு, "நல்லா தூங்குனீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கடைசியில் உன் கட்டுரை. அங்கே ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது என்று நீயே எனக்குத் தபாலில் அனுப்பிய கட்டுரை, நீ வாழ்க்கையில் முதல்முதலாக அச்சில் போட்ட கட்டுரை. வேறு எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் பட்டியலில் சேர்த்திருந்தேன். அதற்குப் பக்கத்தில் என் கைவண்ணம்: "படிக்கத் தேவையில்லை. என்ன எழுதியிருப்பாள் என்று எனக்கே தெரியும்."

ஷூலா, வருஷக்கணக்காக வாராவாரம் "அவசியம் படிக்கவும்" என்று போட்டு வந்திருக்கிறேன், ஒரு ஜீவன் படித்ததில்லை. ஒரே ஒருமுறை படிக்கத் தேவையில்லை என்று போட்டேன், மொத்த சபையும் உட்கார்ந்து படித்துவிட்டது. ஹைமன் குரோலை உனக்கு ஞாபகம் இருக்கும், நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவன், ஈவு இரக்கம் இல்லாதவன் என்று பெயர் வாங்கியவன். அவன் ஒரு கையில் ஹெர்ரிங், ஒரு கையில் உன் கட்டுரை, கண்ணெல்லாம் தண்ணீர். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டான்.

"டேய் தபாச்னிக், உன் தங்கச்சி எழுதினத நீ படிச்சியா இல்லையா?"

"தலைப்பப் படிச்சேன்" என்றேன்.

"அதுக்கப்புறம் கீழயும் எழுத்து இருக்கும்டா. கண்ணாடி கடக்காரனுக்கு அது தெரியாதா?"

நான் என்ன செய்வேன், நீ வைத்த தலைப்பு அப்படி. "அமெரிக்கா எங்களுக்கு அனுப்பியது என்ன" என்று போட்டால் நான் என்னவென்று நினைப்பேன்? வழக்கம்போல எங்களை வாங்கு வாங்கென்று வாங்கப் போகிறாய், இங்கே ஒஹாயோவில் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஹைஃபாவுக்காகக் கவலைப்படுகிறவர்கள் என்று திட்டப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். "நீ ஓட்டுப் போடுற எடம் ஒண்ணு, கவலப்படுற எடம் ஒண்ணு" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! அது உண்மையாகவும் இருக்கிறது, அதனால்தான் மடித்து வைத்தேன். அப்போது எனக்கு அது சாமர்த்தியமாகக் கூடத் தோன்றியது.

ஹைமன் சும்மா விடவில்லை, மதியம் சாப்பாட்டுக்கும் கூடவே வந்தான். எஸ்டெல் ராத்திரியெல்லாம் அடுப்பில் கிடந்த பீன்ஸ் குழம்பைப் பரிமாறுகிறாள், கூடத்தில் போன் அடிக்கிறது. உனக்கு அங்கே இருட்டி ஓய்வுநாள் முடிந்துவிட்டது, எங்களுக்கு இன்னும் நட்டநடுப் பகல். எடுக்கக் கூடாது. போனில் பேசுவதைப் பதியும் அந்தப் பழைய பெட்டி தானாகவே ஓடத் தொடங்கியது, உன் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "படிச்சியாண்ணா?" என்றாய். பிறகு, "சரி, படிச்சிருப்பே" என்று வைத்துவிட்டாய். மூன்று பேரும் கரண்டியைக் கீழே வைத்தோம். பட்டியலை நீ பார்த்துவிட்டாய் என்று எனக்குப் புரிந்தது. பிறகு எனக்குக் குழம்பு இறங்கவில்லை.

ஹைமன் போன பிறகு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளிச்சம் போவதற்குள் படித்தேன். அதில் அரசியல் ஒரு வரி இல்லை. அந்தப் போர் வருஷம், ஊரி எல்லைக்குப் போயிருக்க, நீ கைக்குழந்தையோடு பதுங்கு அறையில் இருந்தபோது, நான் வாராவாரம் பத்திரிகையைக் கத்தரித்துக் கவரில் போட்டு அனுப்பியதை எழுதியிருக்கிறாய். நம் பேஸ்பால் அணி தோற்றது, துணிக்கடையில் தள்ளுபடி, ஏதோ ஒரு படத்தின் விமரிசனம். ஓரத்தில் பென்சிலால் "அவசியம் படி" என்று எழுதியிருப்பேனாம். பதுங்கு அறையில் எல்லோரும் அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார்களாம், கிளீவ்லண்ட் அணிக்காக ஒரு கிழவர் கவலைப்பட ஆரம்பித்துவிட்டாராம். "என் அண்ணனுக்குப் போரைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் ஊரையே கத்தரித்து அனுப்பினான்" என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான், ஷூலா. என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பயந்து செத்தேன். அந்தக் கத்தரிக்கோல் வேலைதான் இன்றைக்கு இந்தப் பட்டியலாக வந்து நிற்கிறது என்று எனக்கே மறந்துபோய்விட்டது, நீ ஞாபகம் வைத்திருக்கிறாய். அதற்குப் பக்கத்தில் நான் என்ன எழுதினேன் பார். வெட்கமாக இருக்கிறது.

வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததும் போனுக்குப் பாய்ந்தேன். அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது, நீ எடுக்கவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய், எடுக்கவே இல்லை. ஆகவே பேனாவை எடுத்துவிட்டேன். இனிப் பட்டியல் கிடையாது. யாருக்கும் எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன். உங்கள் அரசாங்கத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டேன், எங்கள் அரசாங்கத்தைப் பற்றி நீ சொல்வதெல்லாம் சரி. அம்மாவின் வெள்ளி விளக்கையும் எடுத்துக்கொண்டு போ. பஸ்காவுக்கு மட்டும் வந்துவிடு.

ஊரிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் வாசலுக்கு அமைதி வரட்டும், உன் கோபத்துக்கு ஆயுசு குறையட்டும், உனக்கு மட்டும் நீளட்டும்.

இப்படிக்கு,
திருந்திய அண்ணன்
லெனர்ட்

பி.கு. வெள்ளி காலை. உறையை ஒட்டப் போகும்போது நீ கூப்பிட்டுவிட்டாய். நான் பட்டியல் என்று ஆரம்பித்ததும், "எந்தப் பட்டியல்? அத நான் தொறந்தே பாக்குறதில்லையே. போன தேர்தல்லேர்ந்து உன் பேர் வந்தாலே அழிச்சிடுறேன், ரத்தக் கொதிப்புக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாய். என் மூன்று மன்னிப்பும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கிறது. இத்தனை வருஷ உழைப்பு ஷூலா, ஒன்றைக் கூடவா திறந்து பார்க்கவில்லை? இதற்கு நீதான் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு நீ சொன்னாய், "என் கட்டுரையப் பத்தி ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்தேன், சொல்லல. அதான் போன எடுக்கல." "அவசியம் படிக்க வேண்டியது" என்று மட்டும் சொன்னேன். நீ அழுதாயா சிரித்தாயா என்று இங்கே சரியாகக் கேட்கவில்லை. பஸ்காவுக்கு வருகிறேன், இனி மின்னஞ்சல் வேண்டாம், அந்தக் காலம் மாதிரி கவர் போடு என்றாய். ஏற்கெனவே ஒன்று எழுதிவிட்டேன் என்று உளறித் தொலைத்தேன். "அப்ப உடனே போடு, படிக்கணும்" என்றாய். திருப்பி எழுத நேரமில்லை, பொழுது சட்டென்று சாய்ந்துவிடும், எஸ்டெல் இப்போதே மெழுகுவத்தியை எடுத்து வைத்துவிட்டாள். நம் அணி அடுத்த பருவத்தில் தேறிவிடும் என்று ஒருவன் எழுதியிருக்கிறான், கத்தரித்து உள்ளே வைத்திருக்கிறேன், அதை அவசியம் படி. மேலே உள்ளதைப் படிக்கத் தேவையில்லை. என்ன எழுதியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.