ஒரு அங்குலம் உள்ளே

தகட்டிலிருந்து வேல் தனியாக அறுபட்டு விழுந்துவிட்டது. ஆனால் பரசுராமனுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஓரமெல்லாம் சரிந்து, அடியில் உருகிய எவர்சில்வர் பாகாக வழிந்து காய்ந்திருந்தது.

"இருக்கிறது ஒரே தகடு. கெடுத்தேன்னா மறுபடி மாமனார் வூட்டுத் தறிக்கே போயிடு" என்று காலையில்தான் முதலாளி ஆதிகேசவன் சொல்லிவிட்டு மெட்ராஸுக்கு ரயிலேறியிருந்தார். கிண்டியில் பழையதாக வாங்கிய, நெருப்பால் தகடு அறுக்கும் பிளாஸ்மா மெஷின் திருத்தணிக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. அம்மையார்குப்பத்தில் மாமியார் முறைக்க முறைக்க மூன்று வருஷம் லுங்கி நெய்தவனுக்கு அந்த ஒரு மிரட்டலே போதும்.

நாலடித் தகட்டின் நடுவே சாக்பீஸால் இரண்டடி வேல் வரைந்து கொடுத்தவள் பொதட்டூர்பேட்டை கெங்கம்மாள். ஆடிக் கிருத்திகை வேண்டுதல். மாலை பஸ்ஸில் வந்துவிடுவாள்.

"கரண்டு பத்தல பாவா, ஏத்து" என்றான் தங்கவேல். மனைவியின் தம்பி; பக்கத்து வெல்டிங் கடைக்காரன்.

பரசுராமன் ஆம்பியரை ஏற்றி, விழுந்த வேலிலேயே ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி மறுபடி சுற்றினான். கூர்முனை உருகி, வேல் கரண்டியாகிவிட்டது.

"வேகமா இழு."

இழுத்தான். பாதி இடத்தில் அறுபடவே இல்லை. பொறி திரும்பி வந்து சட்டையைப் பொத்தலாக்கியது.

"காத்த ஏத்து."

டார்ச் முனையில் நெருப்பு திக்கித் திக்கி அணைந்தது.

"டார்ச்ச தூக்கிப் புடி."

ஓரம் முன்னைவிட மோசமாகச் சரிந்தது.

ஒவ்வொரு தடவையும் ஒரு அங்குலம் உள்ளே. எட்டாவது தடவையில் வேல் சாணளவுக்கு வந்துவிட்டது. பரசுராமன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"கவலப்படாத பாவா. எங்க நைனாகூட தறிக்கு ஆள் தேடிக்கினு கீறாரு."

"வாய மூடுடா!"

சுவரோரம் சாய்த்திருந்த மிச்சத் தகட்டைப் பார்த்தான். நடுவில் இருந்த வேல் வடிவ ஓட்டையின் ஓரம் மட்டும் சவரம் செய்ததுபோல் வழவழவென்றிருந்தது. நல்ல ஓரமெல்லாம் கழிவுக்கே போகிறதே என்று அவனுக்கு அழுகை வந்தது.

"சுத்துற பக்கம் தப்பு பாவா!" என்று தங்கவேல் துள்ளினான். "டார்ச் போற வழியில வலது கைப் பக்கந்தான் நேரா அறுக்குது. நீ இடஞ்சுழியா போயிக்கினு கீற!"

பரசுராமன் அந்த மிச்சத் தகட்டையே துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, ஆம்பியர், காற்று, வேகம், உயரம் என்று ஒவ்வொன்றாகப் பதம் பார்த்தான். கடைசித் துண்டில் வலஞ்சுழியாகச் சுற்றினான். கண்ணாடி மாதிரி ஓரத்தோடு ஒரு அடி வேல் வந்து விழுந்தது. மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கெங்கம்மாள் வந்ததும் வேலைத் துடைத்து நீட்டினான். "அளவுதான் கொஞ்சம் கொறஞ்சிபோச்சிங்க. ஓரத்தத் தொட்டுப் பாருங்கம்மா."

அவள் தொட்டுப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது நைனா. இத்த நீயே வெச்சிக்கோ. ஓட்ட போட்ட தகடு எங்க? அதுக்குப் பின்னால லைட்டு போட்டாத்தான் எங்க காவடிப் பந்தல்ல வேலு ஜெகஜ்ஜோதியா தெரியும்!"