நுரைநாட்டில் தை முதல் நாள்

ஏழு மலைக்கும் எட்டு சுங்கச்சாவடிக்கும் அப்பால் நுரைநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மன்னரையும் மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தை முதல் நாளில்தான் தேர்தல். அன்று தவறினால் இன்னும் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

அந்நாட்டு அரசாங்க பீர் ஆலையின் தலைமை வடிப்பாளர் ஆவுடையப்பன். தங்கமான மனிதர். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுவார், அந்த ஒரு கெட்ட பழக்கத்தைத் தவிர வேறு குறை இல்லை. மகள் சண்பகத்துக்கு வருகிற தை நாலாம் தேதி கல்யாணம். பந்தலுக்குக்கூடச் சொல்லியாயிற்று.

அவர் வடிக்கும் மார்கழி பீருக்கு நாடே அடிமை. வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் கிடைக்கும். குடிமக்கள் மன்னரைத் திட்டாத மாதமும் அது ஒன்றுதான். தேர்தல் நெருங்குகையில் இதைக் கண்டுபிடித்த பருவத்துறை அமைச்சர் மங்களநாதர் ஆலைக்கே வந்துவிட்டார்.

"தலைமை வடிப்பாளரே, இப்பானம் மார்கழியில் மட்டும் வெளிவருவது யாருடைய சதி?"

"சதியெல்லாம் இல்லீங்க எசமான். ஐப்பசி மழையில பொங்கவிட்டு, கார்த்திகைக் குளிர்ல ஆறப்போட்டாத்தான் மார்கழியில தெளியும். வெயில்ல வச்சா அவசரமாப் பொங்கிப் புளிச்சுப்போயிரும். மார்கழி இருந்தாத்தாங்க மார்கழி பீரு."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் விழுங்கியிருக்கலாம். யார் கேட்டது?

மறுநாள் முரசு அறைந்தார்கள். "மக்களின் தாகத்தை முன்னிட்டு, மறு உத்தரவு வரும்வரை மார்கழி நீட்டிக்கப்படுகிறது!"

ஊரே ஆடியது. மார்கழி முப்பது போய் நாற்பது வந்தது, எழுபது வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. வியர்வை இனிமேல் பனித்துளி எனப்படும் என்றும், கம்பளி போர்த்தாமல் வெளியே வருவது பருவ அவமதிப்பு என்றும் ஆணை பிறந்தது. பீர் புளித்தது. புளிப்பு பீரில் இல்லை, குடிமக்களின் நாக்கில் இருக்கிறது என்று ஒரு குழு அறிக்கை கொடுத்தது.

சம்பந்தி சங்கரபாண்டி கையை விரித்துவிட்டார். "மார்கழியில எவனாச்சும் தாலி கட்டுவானா சம்பந்தி? தை பொறக்கட்டும்."

தை பிறந்தால் வழி பிறக்குமாம். அட, தை பிறந்தால்தானே!

"அப்பா, இன்னைக்கு மார்கழி நூத்திநாலு" என்றாள் சண்பகம். "எனக்குக் கல்யாணமே நடக்காதாப்பா?"

ஆவுடையப்பன் எழுந்தார். புளித்த பீர் ஒரு குடம் எடுத்துக்கொண்டு அரண்மனைக்கு நடந்தார். வழியெல்லாம் கம்பளிக்குள் வெந்துகொண்டிருந்த சனம் அவர் பின்னால் சேர்ந்துகொண்டது.

"மகாராசா, எம் பொண்ணு கல்யாணம் நின்னுபோய்க் கெடக்கு. பீரு வேண்டாம், எங்களுக்குத் தையைக் குடுங்க!"

"தை வேண்டும்!" என்றது கூட்டம்.

மன்னர் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. அமைச்சரின் காதில் ஏதோ கேட்டார், அமைச்சர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். பிறகு மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் மக்களுக்கு இல்லாத தையா? விடிந்தால் தை!" என்றார். வாழ்க கோஷம் ஓய ஒரு நாழிகை ஆயிற்று.

விடிந்ததும் முரசு அறைந்தார்கள். "இன்று தை இரண்டாம் தேதி!"

கம்பளிகளைக் கழற்றி எறிந்த சந்தோஷத்தில் யாரும் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. நாலாம் தேதி சண்பகத்தின் கழுத்தில் தாலி ஏறியது. பந்தியில் பாயசத்துக்குக் கை நீட்டியபோதுதான் ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது.

"சம்பந்தி, மார்கழி முடிஞ்ச மறுநாளே தை ரெண்டுன்னா, தை ஒண்ணு எங்க போச்சு?"

பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சங்கரபாண்டி குனிந்து கிசுகிசுத்தார். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? பொண்ணு கல்யாணம் முடிஞ்சிருச்சுல்ல? அஞ்சு வருசம் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிரும். பாயசத்தைச் சாப்பிடுங்க."

ஆவுடையப்பன் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். பாயசத்தைப் பார்த்தார். சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது.